குழந்தையின் கையில் எதைக் கொடுப்பது?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தால் திருநெல்வேலிச் சீமைக்காரனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. நாமும் அதற்கு விலக்கல்லோம். சென்ற சாரல் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்காசியில் வக்கீல் தொழில் நடத்திவரும் நமது பழைய நண்பர் ஒருவரோடும் அவருடைய ஏழு வயதுப் புதல்வனோடும் பேரருவிக்குச் சென்றோம். முதல் நாள் இரவு மலையில் பெய்த மழையினால் பொங்குமாங்கடல் நிறைந்து வழிந்து, பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. போலீஸார் குளிப்பதைத் தடுத்துவிட்டார்கள். வெள்ளம் தணியும் வரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அவ்வாறு காத்திருந்த வேளையில் நாம் கண்டதே இக்கட்டுரைக்குக் காரணம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற அக்கூட்டத்தில் சிறுவர் சிறுமியர் ஏராளம். எதிரே திரிகூட மலையிலிருந்து அருவி இரைந்துகொண்டு இறங்குகிறது. குரங்குகள் கடைக் கூரைகளின்மேல் தாவுகின்றன. சாரல் காற்று முகத்தில் வந்து அறைகிறது. குழந்தைகளில் பலர் தலை நிமிரவேயில்லை. தகப்பனாரின் கைப்பேசி அவர்கள் மடியில் இருந்தது. அருவியைக் காட்டவென்று அழைத்து வந்த பெற்றோரே, அழாமலிருக்கட்டும் என்று அருவியை மறைக்கும் பொருளையும் கையில் கொடுத்திருந்தார்கள்.

நமது நண்பரின் புதல்வன் மட்டும் கைப்பேசியின்றி நின்றான். அதுவும் அவன் விருப்பத்தினால் அன்று. அவன் கேட்டான், தகப்பனார் மறுத்தார், அவன் அழுதான். ஒரு சிறு பையனின் அழுகைக்கு நண்பரின் முகம் அவ்வளவு இறுகியதைக் கண்டு காரணம் என்னவென்று வினவினோம். அவர் சொன்ன விஷயம் நம்மைத் திடுக்கிடச் செய்தது.

பையன் தகப்பனாரின் கைப்பேசியில் மாதக்கணக்காக ஏதோ ஒரு விளையாட்டு ஆடி வந்திருக்கிறான். அதில் வைரம் என்றும் பொற்காசு என்றும் பொய்ப் பொருள்களை விற்பார்களாம். தகப்பனார் கடைவீதியில் யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தும்போது இரகசிய எண்ணைத் தட்டுவதை அருகே நின்று பார்த்துப் பார்த்துப் பையனுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. ஒரு வாரத்துக்குள், பள்ளிக்கூடக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த தொகையில் பாதிக்குமேல் வைரமாக மாறி மறைந்துபோயிற்று. நண்பர் கோபத்தில் பையனை அடித்திருக்கிறார். அன்று முதல் கைப்பேசி அவனுக்கு விலக்கப்பட்டது. அன்று முதல் பையனும் தகப்பனாரோடு சரியாகப் பேசுவதில்லை.

"பணம் போனதைப்பற்றி எனக்கு அவ்வளவு வருத்தமில்லை, ஓய். நான் அடித்தபோது, தான் என்ன குற்றம் செய்தோம் என்று அவனுக்கு விளங்கவேயில்லை. அந்த முகம்தான் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கைப்பேசியை இனி அவன் கையில் கொடுக்கமாட்டேன். ஆனால் அவன் சிநேகிதர்கள் எல்லாரும் ஆடுகிறார்கள். விளையாட்டுக்கென்றே செய்த கையடக்க யந்திரம் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமென்று நினைக்கிறேன். எதை வாங்குவது? உலகத்துக்கெல்லாம் யோசனை சொல்லுகிறீரே, எனக்கும் ஒன்று சொல்லும்" என்றார் நண்பர்.

அன்று நமக்கு விடை தெரியவில்லை. பின்னர் விசாரித்தும், படித்தும், கடைகளில் எடுத்துப் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். இது ஒரு வீட்டு வழக்கன்று என்பது நேயர்களுக்குத் தெரியும்.

பொம்மையும் கடையும்

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். பொம்மை வேறு, பொம்மைக் கடை வேறு. குழந்தைக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்கிறோம். கடையையே எடுத்து மடியில் வைப்பதில்லை. கைப்பேசியோ பொம்மையும் கடையும் ஒன்றாய்க் கலந்த பொருள். விளையாடும் இடமும், விற்கும் இடமும், பணப்பெட்டியும் அதில் ஒரே கண்ணாடிக்குள் அடங்கியிருக்கின்றன. இலவசம் என்று சொல்லித் தரப்படும் விளையாட்டுக்களில் மிகப் பலவற்றுக்கு ஆட்டத்தின் நடுவே நடக்கும் வியாபாரமும் விளம்பரமுமே வருமானம். ஆதலால் அந்த ஆட்டத்தை அமைப்பவருக்குக் குழந்தை எவ்வளவு நேரம் எழுந்திராமல் இருக்கிறதோ அவ்வளவு இலாபம்.

நமது சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். கல்கத்தாவில் மைனர் ஒருவர் வீட்டை அடமானம் வைத்து எழுதிக்கொடுத்த பத்திரம் பற்றிய மோகரி பீபி வழக்கில், அத்தகைய ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-ல் பிரிவி கௌன்ஸில் தீர்ப்பளித்தது. இன்றும் வக்கீல் படிப்பில் இதைக் கற்காதவர் இலர். வீட்டை எழுதி வாங்கிய லேவாதேவிக்காரரின் பத்திரமே செல்லாதென்றால், ஏழு வயதுக் குழந்தை பொத்தானைத் தட்டி வாங்கிய வைரத்தைப்பற்றிச் சொல்ல வேண்டுமா? எனினும் இரகசிய எண் தகப்பனாருடையது, கணக்கும் அவருடையது. சட்டம் அவர் பக்கம் இருக்கலாம். பணம் கடல் கடந்து போய்விட்டது. சில ஆயிரம் ரூபாய்க்காக வேற்று நாட்டுக் கம்பெனியின்மீது தென்காசிக் கோர்ட்டில் வழக்காடப்போகிறவர் யார்?

பிற நாடுகளில் சர்க்காரே தலையிட்டதுண்டு. குழந்தைகள் பெற்றோரின் சம்மதமின்றி வாங்கிய பொருள்களுக்காகக் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுக்க 2014-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையத்தோடு ஆப்பிள் கம்பெனி உடன்பட்டது. ஃபோர்ட்நைட் என்னும் விளையாட்டை வெளியிடும் எபிக் கேம்ஸ் கம்பெனி, 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அதில் 24 கோடியே 50 லட்சம், விரும்பாமலே வாங்கும்படி நேர்ந்தவர்களுக்குத் திருப்பித் தருவதற்காக. எஞ்சியது குழந்தைகளின் அந்தரங்க விவரங்களைச் சேகரித்ததன்பேரில் விதிக்கப்பட்ட அபராதம். நம் நாட்டிலும் 2023-ம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் விலக்குகிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுக்களைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2022-லும், பாரதப் பாராளுமன்றத்தில் 2025-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவை யாவும் நல்லவையே. ஆனால் சட்டம் வீட்டு வாசல் வரையில்தான் வரும். உள்ளே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கையில் எதை வைப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே கைப்பேசியை நிறுத்திவிட்டு விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட யந்திரத்தை நாடிய நண்பரின் எண்ணம் சரியானதே. பெரியோர் சிலர் இரண்டும் ஒன்றென்று எண்ணி, "ஒரு பிசாசை ஓட்டி இன்னொரு பிசாசைக் கூப்பிடுவானேன்?" என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அதனை அறிய அந்த யந்திரத்தின் சரித்திரத்தைச் சிறிது பார்க்கவேண்டும்.

பழைய சரக்கின் வெற்றி

ஜப்பான் தேசத்துக் கியோட்டோ நகரில் 1889-ல் சீட்டுக்கட்டுச் செய்வதற்காக ஏற்பட்ட சிறு ஸ்தாபனமே நிண்டெண்டோ. 1965-ல் அங்கே சீட்டுக்கட்டு அடிக்கும் யந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் குன்பேய் யோகோய் என்பவர். பொழுது போகாமல் அவர் செய்துவைத்த நீளும் கை ஒன்றைக் கண்ட முதலாளி, அதையே விளையாட்டுச் சாமானாக 1966-ல் வெளியிட்டார். அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பின்னர் ஒரு நாள் ரயிலில் பிரயாணி ஒருவர் கணக்குப் போடும் சிறு யந்திரத்தின் பொத்தான்களைத் தட்டிப் பொழுது போக்குவதைக் கண்டு, அதிலிருந்து யோகோய்க்குக் கையடக்க விளையாட்டு யந்திரத்தைப்பற்றிய யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். 1980-ல் கேம் அண்டு வாட்ச் என்ற பெயரோடு அது வெளிவந்தது.

யோகோயின் கொள்கை விநோதமானது. புத்தம் புதிய, விலையுயர்ந்த சரக்கை நாடாதே. பலகாலம் பழகி மலிந்துபோன சரக்கை எடுத்துப் புதிய வழியில் பயன்படுத்து என்பதே அது. அக்கொள்கையின்படி 1989-ல் கேம்பாய் என்னும் யந்திரம் பிறந்தது. அதில் வர்ணம் இல்லை. திரைக்கு வெளிச்சமும் இல்லை. நான்கு சிறு பாட்டரிகளில் ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடும். மறு வருஷமே செகா என்ற போட்டிக் கம்பெனி, வர்ணமும் வெளிச்சமும் கொண்ட கேம் கியர் என்பதை வெளியிட்டது. பார்த்தவர் பிரமித்தனர். ஆனால் ஆறு பாட்டரிகளைப் போட்டாலும் அது நாலைந்து மணி நேரத்தில் அடங்கிவிடும். கேம்பாயும், அதன் பின்வந்த வர்ணக் கேம்பாயும் சேர்ந்து உலகில் 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடிச் சில்லறையோடு நின்றது. வளைகுடா யுத்தத்தில் வெளிப்புறம் கருகி உருகியும் ஓடிக்கொண்டிருந்த கேம்பாய் ஒன்று நியூயார்க் நகரில் நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. குழந்தைக்கு வாங்குகிறவர் இதை மறக்கலாகாது. கடைக் கண்ணாடிக்குள் மின்னுவது ஒன்று. குழந்தையின் கையில் விழுந்து எழுந்து நிலைப்பது மற்றொன்று.

கேம்பாயோடு பரவிய டெட்ரிஸ் என்னும் ஆட்டத்தை 1984-ல் மாஸ்கோவில் அமைத்தவர் அலெக்ஸி பாஜிட்னோவ். நம் நாட்டுத் திருவிழாக் கடைகளில் 1990-களில் விற்ற, செங்கல் துண்டுகள் மேலிருந்து விழும் மலிவுப் பெட்டிகள் அந்த ஆட்டத்தின் நகல்களே. இன்று நாற்பது வயதாகும் பலரும் அவற்றை ஆடியவர்கள்தாம். அந்தப் பெட்டி நம்மிடம் ஒரு காசும் கேட்டதில்லை. நம்மைப்பற்றி யாரிடமும் ஒன்றும் சொன்னதுமில்லை. பாட்டரி தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது.

தேர்ந்தெடுக்கும் வழி

இனி, எதை வாங்குவது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, வயது. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வெளியிட்ட யோசனையின்படி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை திரையைப் பார்க்கவே கூடாது; இரண்டு முதல் நாலு வயது வரையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது; அதிலும் குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை வைத்தியர் சங்கம், ஐந்து முதல் பத்து வயது வரையில் எல்லாத் திரைகளும் சேர்ந்து இரண்டு மணிக்குள் இருக்கவேண்டும் என்கிறது. ஆகையால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த யந்திரம் நல்லது என்று கேட்பவர்களுக்கு நமது விடை, எதுவும் வேண்டாம் என்பதே. தென்காசியிலிருந்து ரயிலேறிப் பாவூர்ச்சத்திரம், கடையம், ஆழ்வார்குறிச்சி தாண்டினால் அம்பாசமுத்திரம். அங்கே மரத்தைக் கடைந்து அரக்கு வர்ணம் ஏற்றிச் செய்யும் சொப்புச் சாமான்களுக்குப் பாட்டரி வேண்டாம். அந்தச் சொப்பில் குழந்தை சோறாக்கி நமக்குப் பரிமாறும். நாம் உண்டதாகப் பாவனை செய்யவேண்டும். கையில் பிடித்தே ஆகவேண்டுமென்றால், பொத்தானை அழுத்த நீர் பீறி எழுந்து வளையங்கள் கம்பியில் விழும் தண்ணீர்ப் பெட்டி குற்றாலக் கடைகளிலேயே கிடைக்கிறது.

இரண்டாவது, ஆட்டத்தின் நடுவே எதையும் விற்கக் கூடாது. விளையாட்டு அடங்கிய சிறு சில்லை ஒரு முறை விலை கொடுத்து வாங்கிச் செருகி ஆடும் முறை உத்தமம். அதனைக் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். கார்ட்ரிட்ஜைக் கையில் பிடித்துப் பார்க்கலாம், சிநேகிதனுக்கு இரவல் தரலாம், அலுத்தபின் விற்கலாம். இணையக் கடையிலிருந்து இறக்கிக்கொள்ளும் ஆட்டமோ அந்தக் கடை உள்ளவரையில்தான் புதிதாக வாங்கக் கிடைக்கும். நிண்டெண்டோவின் 3டிஎஸ் என்னும் யந்திரத்துக்குரிய இணையக் கடை 2023 மார்ச் 27-ல் மூடப்பட்டது. அன்றைக்குமுன் வாங்கிய கார்ட்ரிட்ஜுகள் இன்றும் ஓடுகின்றன. 2020-ல் வெளிவந்த எவர்கேட் என்னும் ஆங்கில நாட்டு யந்திரம் கார்ட்ரிட்ஜை மாத்திரமே நம்பி ஏற்பட்டது. நிண்டெண்டோ கம்பெனியாரின் ஸ்விட்ச் யந்திரத்தில் இணையக் கடை உண்டு; ஆனால் வாங்குதலைப் பூட்டிவைக்கவும், நாளுக்கு இத்தனை நேரமென்று வரம்பு கட்டவும் பெற்றோருக்கு வசதி செய்திருக்கிறார்கள். வாங்கிய அன்றே, குழந்தையின் கையில் கொடுக்குமுன், அப்பூட்டைப் போட்டுவிட வேண்டும். இரகசிய எண்ணைக் குழந்தையின் எதிரே தட்டலாகாது என்பதை நமது நண்பரைக் கேட்டால் சொல்வார்.

மூன்றாவது, ஆட்டத்துக்கு முடிவு இருக்கவேண்டும். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானதென்பது நமது அபிப்பிராயம். கோலி, பம்பரம், பல்லாங்குழி ஆகிய நமது பழைய ஆட்டங்கள் யாவும் முடிகின்றன. பல்லாங்குழியில் காய் தீர்ந்தால் கெலித்தவர் இன்னார் என்று தெரிந்துவிடும். எழுந்து சாப்பிடப் போகலாம். 2012-ல் வெளிவந்து உலகெங்கும் பரவிய சப்வே சர்ஃபர்ஸ் போன்ற கைப்பேசி ஆட்டங்களிலோ சிறுவன் ஓடிக்கொண்டேயிருக்கிறான், பாதைக்கு முடிவில்லை, தடுக்கி விழுவது ஒன்றே முடிவு. விழுந்தவன் மறுபடியும் எழுந்து ஓடவே விரும்புவான். "இன்னும் ஒரே ஆட்டம்" என்று குழந்தை கெஞ்சுவதைப் பிடிவாதம் என்கிறோம். முடிவில்லாத ஆட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு, முடித்துக்கொண்டு வா என்று அதட்டுவது நியாயமா? மரியோ கார்ட் என்னும் பந்தய ஆட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று சுற்று. நாலு பந்தயம் சேர்ந்தால் ஒரு கோப்பை. கோப்பை முடிந்ததும் எழுந்திரு என்றால் குழந்தைக்கு விளங்கும்.

நான்காவது, இருவர் ஆட இடம் வேண்டும். ஸ்விட்ச் யந்திரத்தில் இரு வகை உண்டு. 2017-ல் வந்த சாதாரண ஸ்விட்சின் இரு பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, திரையை மேசைமேல் நிறுத்தி இருவர் ஆடலாம், தொலைக்காட்சியிலும் இணைக்கலாம். 2019-ல் வந்த ஸ்விட்ச் லைட் என்பது ஒரே கட்டையாக, சிறு கைக்கு அடக்கமாக, விலை குறைவாக இருக்கிறது, பிடி கழன்று உடையும் பயமில்லை, தொலைக்காட்சியில் இணையாது. சின்னக் குழந்தைக்குச் சின்ன யந்திரமே பொருத்தம் என்று முதலில் நாமும் எண்ணினோம். யோசிக்க யோசிக்க அவ்வெண்ணம் மாறிற்று. லைட்டோடு குழந்தை மூலையில் தனியே ஒதுங்கிவிடும். சாதாரண ஸ்விட்ச் மேசைக்கு வரும். அங்கே அக்காளுக்கும் தாத்தாவுக்கும் இடமுண்டு. சிறுவர் பலர் உள்ள வீட்டில், பிரயாணத்துக்கென்று மட்டும் லைட் வாங்குவதில் தவறில்லை. ஒற்றைக் குழந்தை உள்ள வீட்டில் அதனைத் தவிர்ப்பதே நலம்.

ஐந்தாவது, பத்திரமும் பராமரிப்பும். 3டிஎஸ் யந்திரம் 2011-ல் வெளிவந்தபோது, அதன் முப்பரிமாணக் காட்சியை ஆறு வயதும் அதற்குக் குறைந்தவர்களும் பார்க்கலாகாது என்று கம்பெனியாரே எச்சரித்தார்கள். 2013-ல் அந்தக் காட்சியும் மடக்குக் கீலும் இல்லாத, பலகைபோன்ற 2டிஎஸ் என்பதைச் சிறுவரைக் கருதியே வெளியிட்டார்கள். அதன் உற்பத்தி நின்றுபோயினும் பழைய சாமான் விற்பவர்களிடம் கிடைக்கிறது. பாட்டரி உப்பாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். ஸ்விட்ச் வெளிவந்தபோது இந்தியாவில் முறைப்படி வெளியிடப்படாமல் இறக்குமதி வியாபாரிகள் வழியாகவே பரவிற்று. ஆகையால் பழுதானால் யார் பார்ப்பது என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது வக்கீல் புத்தி மாத்திரமன்று, பொதுப் புத்தியுமாகும்.

சாரல் காலத்துக் கடைகளில் நானூறு விளையாட்டு அடங்கியதென்று அட்டையில் அச்சிட்டுச் சில நூறு ரூபாய்க்கு விற்கும் பெட்டிகளைப்பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் அடங்கியவை பெரும்பாலும் பிறர் ஆட்டங்களை அனுமதியின்றி நகலெடுத்தவை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் அதை ஒப்பாது. அன்றியும் நானூறு இருந்தால் குழந்தை ஒன்றையும் முழுதாக ஆடாது. விளையாட்டுச் சாமான்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்கவேண்டும். எல்லாவற்றிலும் அபாயமானது, காசுபோல் வட்டமான பொத்தான் பாட்டரி. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லிதியம் பாட்டரியைக் குழந்தை விழுங்கி அது தொண்டைக் குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடக்கூடும். பாட்டரி அறையின் மூடி திருகாணியால் பூட்டப்படாத எந்தச் சாமானும் சிறு குழந்தை உள்ள வீட்டுக்குள் நுழையலாகாது.

வெளியில் ஒரு பங்கு

எவ்வளவு ஆராய்ந்து வாங்கினாலும் திரை திரைதான். சீன தேசத்துக் குவாங்சோ நகரில் நடந்த பரிசோதனை ஒன்றின் முடிவு 2015-ல் வெளியாயிற்று. சில பள்ளிக்கூடங்களில் முதல் வகுப்புக் குழந்தைகளை நாள்தோறும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருஷத்தில் அப்பள்ளிகளில் 100-க்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை உண்டாயிற்று. மற்றப் பள்ளிகளில் 100-க்கு 39 பேருக்கு மேல் உண்டாயிற்று. மருந்தில்லை, கண்ணாடியில்லை; வெயிலில் விட்டதே வைத்தியம். உள்ளே அரை மணி ஆடும் குழந்தைக்கு வெளியே ஒரு மணி ஆட இடம் வேண்டும். தென்காசிக் கோயில் முன்பாக அந்த இடமும் இருக்கிறது, தென்றலும் இருக்கிறது.

இன்னொன்றும் நமக்குத் தோன்றுகிறது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் 2011 முதல் ஜோஹோ கம்பெனியின் காரியாலயம் நடந்துவருகிறது. உலகத்து வியாபாரிகள் உபயோகிக்கும் கணினி மென்பொருளை நம் கிராமத்து இளைஞர்கள் அங்கே எழுதுகிறார்கள். ஆகையால் திறமை இந்த மண்ணில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பல்லாங்குழியும் ஆடுபுலியாட்டமும் அறிந்த நாட்டில், குழந்தையின் மொழியிலே பேசி, எதையும் விற்காமல், உரிய நேரத்தில் முடிகிற கையடக்க விளையாட்டு ஒன்றை யாரேனும் செய்யத் துணிந்தால் அது பெரும் உபகாரமாகும்.

நமது நண்பர் செய்த தீர்மானத்தையும் சொல்லி முடிப்போம். தென்காசியில் அவர் தேடியது இல்லாமையால், கடைக்காரர் மூலம் மதுரையிலிருந்து சாதாரண ஸ்விட்ச் ஒன்றை, ஒருவர் ஆடியதையே, நயமான விலைக்கு வரவழைத்தார். கார்ட்ரிட்ஜ் இரண்டே. வாங்கும் பூட்டைப் போட்டாயிற்று. வீட்டில் ஒரு நிபந்தனை: யந்திரம் மேசையைவிட்டு அகலாது, இரவு ஒரு கோப்பை ஆட்டம், எதிராளி தகப்பனார். முதல் வாரம் முழுவதும் நண்பர் கடைசியாகவே வந்தாராம். தகப்பனார் தோற்பதைக் கண்டு பையன் சிரித்தானாம். அடிபட்ட நாளுக்குப் பிறகு அவன் தம்மைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான் என்று சொல்லும்போது நண்பரின் குரல் சற்றுத் தழுதழுத்தது.

சாரல் முடியுமுன் மூவரும் மறுபடி பேரருவிக்குச் சென்றோம். அன்று வெள்ளமில்லை. அருவிக்கடியில் நின்றவர்களைப் போலீஸ்காரர் விசில் ஊதி அழைத்தார். அவர்கள் வெளியே வந்தனர். காத்திருந்தவர்கள் உள்ளே சென்றனர். "மாமா, எல்லாரும் விசில் ஊதினதும் வந்துவிடுகிறார்களே, இன்னும் கொஞ்சம் நிற்க ஆசையிருக்காதா?" என்று பையன் நம்மைக் கேட்டான். இருக்கும், ஆனால் அடுத்தவருக்கும் முறை உண்டல்லவா என்றோம். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தகப்பனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அருவியை நோக்கி ஓடினான்.

பெற்றோர்களே! குழந்தைக்கு விளையாட்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆட்டம் முடிகிறதா, நடுவே யாரேனும் விற்கிறார்களா, அருகே நமக்கும் ஓர் இடமிருக்கிறதா என்று இம்மூன்றையும் கேட்டபின் வாங்குங்கள். இம்மூன்றுக்கும் கடைக்காரர் விடை சொல்லக்கூடும். இரவு அந்த இடத்தில் வந்து உட்காருவீர்களா என்பதற்கு நீங்களே விடை சொல்லவேண்டும்.